உலர் பிரிவுப் பூனை

பூனை வளர்ப்பதில் சிங்கராயருக்கு எந்தக் காலத்திலும் ஆசை இருந்ததில்லை. சங்கராபுரத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே மலை பஸ்ஸில் கண்டக்டராக ஏறி இறங்கியே ஓய்வுபெற்றவர் அவர். கோழி, ஆட்டுக்குட்டி, ஒருமுறை கூட்டோடு மலைத்தேன் என்று என்னென்னவோ ஏற்றியிருக்கிறார். பூனை மட்டும் அவர் பஸ்ஸில் ஏறியதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு மகள் அனிட்டா ஒரு பூனையைக் கொண்டுவந்து இறக்கினாள். சென்னையில் நர்சாக இருந்தபோது வளர்த்த பூனை. குவைத்தில் வேலை கிடைத்துக் கிளம்பியவள், "அப்பா, லட்டுவப் பாத்துக்கோங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

லட்டு பழுப்பும் வெள்ளையுமாக, பெரிய மனிதத் தோரணையோடு இருந்தது. முதல் மாதம் சிங்கராயரும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. அடுத்த மாதம் அவர் பேப்பர் படிக்கும்போது பேப்பரின் மேலேயே வந்து படுத்தது. அதற்கப்புறம் அது காலடியில் படுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. குவைத்திலிருந்து போன் வந்தால் அனிட்டா அம்மா ரீத்தாவிடம் இரண்டு வார்த்தை, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுவாள். மிச்சமெல்லாம் பூனையோடுதான். அந்தச் சாக்கிலாவது மகளின் முகம் போனில் கொஞ்ச நேரம் தெரிகிறதே என்று கிழவனும் கிழவியும் பூனைக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லட்டுவிடம் ஒரு கோளாறு இருந்தது. குட்டியிலிருந்தே பாக்கெட்டில் வரும் உலர் தீனியைத் தவிர வேறெதையும் அது தொடாது. ரீத்தா மத்தி மீனை முள் எடுத்துப் பிசைந்து வைத்தாலும், யாரோ அவமானப்படுத்திவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் காலை லட்டு மணல் தட்டில் போய் உட்கார்ந்து கத்தியது. சிறுநீர் வரவில்லை. மதியத்துக்குள் வயிறு கல்லாகிவிட்டது. சிங்கராயர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டர் சிவசங்கரிடம் ஓடினார். டாக்டர் குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"காஞ்ச தீனியே தின்னுக்கினு, தண்ணியும் கம்மியா குடிச்சா ஆண் பூனைக்கு இப்படி ஆவும் சார். டின்னுல வர்ற ஈரத் தீனிக்கு மெல்லப் பழக்கி மாத்துங்க. மாத்தலைன்னா மறுபடி அடைக்கும். அடிக்கடி அடைச்சா தாங்காது."

கேட்பதற்கு எளிமையாகத்தான் இருந்தது. சிங்கராயர் அன்றே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். அங்கே செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த நாராயணசாமி, "அட்டைய குடுங்க சார்" என்றார். அனிட்டா கிளம்புவதற்கு முன்னால் லட்டுவின் பெயரில் வாங்கி வைத்திருந்த பதிவு அட்டையைச் சிங்கராயர் நீட்டினார். நாராயணசாமி அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உலர்னு போட்டிருக்குதே. ஈரம் குடுத்தா என் கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க."

மாவட்டத்தில் புதிதாக வந்திருந்த விதி அது. பாக்கெட்டிலோ டின்னிலோ அடைத்த தீனி தின்னும் ஒவ்வொரு பூனையும் 'ஈரம்' அல்லது 'உலர்' என்று பதிவாகியிருக்க வேண்டும். பதிவுக்கு மாறான தீனியை விற்கக் கூடாது. ஏன் இப்படி ஒரு விதி என்று நாராயணசாமிக்கும் தெரியவில்லை. "பூனை குழம்பிடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க போல" என்றார். பதிவை மாற்ற வேண்டுமானால் மாவட்டச் செல்லப்பிராணி உணவுத் தெரிவு மையத்துக்குப் போக வேண்டும்.

மையம் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வாடகைக்கு இயங்கிக்கொண்டிருந்தது. படியேறியதும் ஒரு வராண்டா. அதன் இடது பக்கம் உலர் பிரிவு, வலது பக்கம் ஈரப் பிரிவு. உலர் பிரிவின் கண்காணிப்பாளர் கந்தசாமி அட்டையை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, நம்ம பூனை!"

"ஆமாங்க. இத ஈரத்துக்கு மாத்தணுங்க. டாக்டரு சொல்லிட்டாரு."

மலர்ந்த முகம் அப்படியே கூம்பியது. "ஏன்? இங்க இன்னா கொறை வெச்சோம் அதுக்கு?"

"கொறைன்னு இல்லைங்க. ஒண்ணுக்குப் போவ முடியல."

"அது பூனையோட கொறை. தீனியோட கொறைன்னு நான் எப்படி எழுதறது? எழுதினா மாவட்டத்துல இருக்கிற உலர் பூனையெல்லாம் அந்தப் பக்கம் போயிடும். அப்புறம் எனக்கு இந்த ரூம் இன்னாத்துக்கு? ரெண்டு ஃபேன் இன்னாத்துக்கு?" அவர் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனை வருத்தத்தோடு அண்ணாந்து பார்த்தார். பிறகு மனம் இளகி, "பெரியவரா இருக்கீங்க. ஈரப் பிரிவுல பூனையைச் சேத்துக்கினதா ஒரு வரி எழுதி வாங்கிக்கினு வாங்க. நான் விடுவிச்சுடறேன்" என்றார்.

சிங்கராயர் வராண்டாவைக் கடந்து ஈரப் பிரிவுக்குப் போனார். அங்கே கண்காணிப்பாளர் தேவிப்ரியா அன்பாகப் பேசினாள்.

"மொதல்ல அவங்க விடுவிக்கணும் சார். அப்பதான் நாங்க சேக்க முடியும். ஒரே பூனை ரெண்டு பிரிவுலயும் இருந்தா ஆடிட்ல மாட்டிக்குவோம்."

"எதிரெதிர் ரூம்லதாங்க இருக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரு வாட்டி வெளிய வந்து பேசினா முடிஞ்சிடாதுங்களா?"

"நடுவுல வராண்டா இருக்குதே சார். வராண்டா மண்டபத்துக்காரங்களோடது. அங்க நின்னு ஆபீஸ் விஷயம் பேசக்கூடாதுன்னு வாடகை ஒப்பந்தத்துலயே போட்டிருக்காங்க."

சிங்கராயர் அந்த வராண்டாவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, உங்க வூட்டுப் பூனையா நெனச்சு சொல்லுங்க. எது நல்லது?" என்று கேட்டார்.

தேவிப்ரியா பதறிப்போய்க் கதவுப் பக்கம் பார்த்தாள். "அதெல்லாம் நாங்க சொல்லக்கூடாது சார். எது நல்லதுன்னு சொல்றது ஒப்பீட்டுப் பிரிவு வேலை. பிரிவு இருக்குது. ரூமும் இருக்குது. ஆளுதான் இன்னும் போடல."

ஒப்பீட்டுப் பிரிவின் கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே மண்டபத்தின் பிரியாணி அண்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

இப்படியே இடது பக்கமும் வலது பக்கமுமாகச் சில நாள் நடந்தார். வீட்டில் ரீத்தா உலர் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்துப் பார்த்தாள். லட்டு மோந்து பார்த்துவிட்டு, தட்டின் மேல் மண் தள்ளுவது போலத் தரையைப் பிராண்டிவிட்டு நகர்ந்துவிட்டது. பட்டினி போட மனமில்லாமல் மறுபடி காய்ந்ததையே வைத்தார்கள். அது தின்றது. அது தின்பதை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இயக்குநர் செந்தமிழ்ச்செல்வியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் மேசையில் பூனைப் பொம்மை ஒன்று இருந்தது. சிங்கராயர் நடந்ததையெல்லாம் சொல்லி, ஊறவைத்துக் கொடுத்ததையும் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "நனைத்தீர்களா?"

"ஆமாங்கம்மா. வூட்டுல அவதான்..."

"நனைத்த பிறகு அது உலர் உணவு அல்ல. ஈர உணவும் அல்ல. சட்டத்தில் இல்லாத ஒரு பொருள். தன் சமையலறையில் மூன்றாவது வகை ஒன்றை உருவாக்க உங்கள் மனைவிக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வயதானவர் என்பதால் இதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்."

சிங்கராயர் கைகூப்பினார். "தப்புதாங்கம்மா. ஈரமா, உலர்வா, நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

இயக்குநர் புன்னகைத்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு வார்த்தையில் சொல்ல எங்களுக்குத் தெரியாதா, ஐயா? இன்றைக்கே சொல்லலாம். சொல்லிவிட்டால் நாளைக்கு நீங்கள் இங்கே வருவீர்களா? மாட்டீர்கள். யாருமே வராத மையத்துக்கு எதற்காக நிதி ஒதுக்குவார்கள்? மக்களுக்குச் சேவை செய்ய நாங்கள் இருக்க வேண்டும் அல்லவா? நாங்கள் இருக்க வேண்டுமென்றால் உங்கள் கேள்வியும் இருக்க வேண்டும். அதைப் பாதுகாப்பதுதான் எங்கள் பணி."

அங்கே உட்கார்ந்திருந்தபோது சிங்கராயருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. படியிறங்கி ரோட்டுக்கு வந்த பிறகுதான் எங்கேயோ இடித்தது. ஆனாலும் அவர் வெறுங்கையோடு இறங்கவில்லை. வரும் வியாழக்கிழமை வெள்ளிமலையில் பூனைகள் நல முகாம் நடக்கப்போகிறது, அங்கே இரண்டு பிரிவும் ஒரே பந்தலில் உட்காரும், மாற்றத்தை அங்கேயே எழுதி முதல் டின்னையும் அங்கேயே கொடுத்துவிடுவோம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். மலையில் பாக்கெட் தீனி தின்னும் பூனை ஒன்றுகூட இல்லையே என்று சிங்கராயர் கேட்கத்தான் செய்தார். மலைக்கென்று ஒதுக்கிய நிதியை மலையில்தான் செலவழிக்க முடியும் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை லட்டு மறுபடியும் மணல் தட்டுக்குப் போய்ப் போய் வந்தது. கத்தவில்லை. சும்மா குந்தியிருந்துவிட்டு எழுந்து வந்தது.

"மறுபடி அடைச்சிக்கிச்சுங்க" என்றாள் ரீத்தா. "டாக்டராண்ட போவலாம். மலையும் வேணாம், முகாமும் வேணாம்."

"டாக்டரு இன்னிக்கு எடுத்துவுடுவாரு. திரும்ப அதையேதான திங்கும்? இன்னிக்கு வுட்டா அந்த டின்னு கெடைக்காதுடி. மதியத்துக்குள்ள முடிச்சுக்கினு நேரா டாக்டராண்ட வந்துடறேன்."

"மாதாவே, இந்த மனுசனுக்கு நீதான் புத்தி குடுக்கணும்" என்றாள் ரீத்தா. ஆனாலும் காய்கறிக் கூடையில் பழைய புடவையை மடித்துப் போட்டு, லட்டுவைப் படுக்கவைத்து, மேலே வலை கட்டிக் கொடுத்தாள்.

மலை பஸ்ஸில் எல்லாரும் தெரிந்த முகங்கள். "கண்டக்டரே, கூடையில இன்னா?" என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு வளைவிலும் கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிமலையில் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பேனரில் ஒரு வெளிநாட்டுப் பூனை சிரித்துக்கொண்டிருந்தது. ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலை ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பூனை கொண்டுவந்தவர் சிங்கராயர் ஒருவர்தான். அவரைக் கண்டதும் மையத்து ஊழியர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பயனாளி வந்துட்டாரு!" என்று ஒருவர் கூவினார். கூடையை வாங்கி மேடை மேல் வைத்தார்கள். லட்டுவுக்கு முன்னால் வெள்ளிக் கிண்ணங்கள் இரண்டு. ஒன்றில் உலர் தீனி. இன்னொன்று காலி. பக்கத்தில் ரிப்பன் கட்டிய ஒரு டின்.

சிங்கராயர் அந்த டின்னைப் பார்த்தார். இத்தனை நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த பொருள் அது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

"அம்மா, இத இப்பவே தொறந்து ஒரு வாய் வெக்கலாங்களா? பூனைக்கு ரொம்ப முடியல" என்று தேவிப்ரியாவிடம் கெஞ்சினார்.

"சிறப்பு விருந்தினர் வந்துதான் தொறக்கணும் சார். மலை ஏறிக்கினு இருக்காரு. வளைவுல அவருக்குக் கொமட்டுதாம், நின்னு நின்னு வர்றாங்க."

அதுவரை சும்மா இருக்க வேண்டாமென்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சாமை விதைக்கும் சடையன் என்பவர் எழுந்தார்.

"எங்கூட்டுப் பூனை எலிதாங்க திங்குது. எலி ஈரத்துல வருதுங்களா, காஞ்சதுல வருதுங்களா?"

மேடையில் சலசலப்பு. பிடித்தவுடன் தின்றால் ஈரம் என்றாள் தேவிப்ரியா. எலிக்கு வெளியே தோல் இருக்கிறது, தோல் உலர்ந்தது, ஆகவே பாதிக்கு மேல் உலர்தான் என்றார் கந்தசாமி. எலி எந்தப் பிரிவிலும் பதிவாகவில்லை என்பதால் அதைத் தின்பதே தற்போதைக்கு விதிமீறல் ஆகலாம் என்று இயக்குநர் எச்சரித்தார். எலியை ஆராய ஒரு துணைக்குழு அங்கேயே அமைக்கப்பட்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். சடையனுக்குத் தான் கேட்டது நல்ல கேள்வியா கெட்ட கேள்வியா என்று புரியவில்லை. அவர் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

மதியம் சாய்ந்த பிறகுதான் சிறப்பு விருந்தினர் வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் பேசாமல் விடவில்லை. "பூனை என்பது ஒரு விலங்கு மட்டுமல்ல" என்று தொடங்கி, அது வேறு என்னென்னவெல்லாம் என்று அடுக்கினார். "பூனை சாப்பிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். சாப்பாடு யார் வேண்டுமானாலும் போடலாம். நாங்கள் அதைவிடப் பெரிய காரியம் செய்கிறோம். பூனைக்குத் தெரிவு செய்யும் உரிமையைக் கொடுத்திருக்கிறோம்!"

டின்னைத் திறந்தார்கள். மீன் வாசனை பந்தல் முழுக்கப் பரவியது. கேமராக்கள் நெருங்கின. காலிக் கிண்ணத்தில் அதைக் கொட்டி லட்டுவின் மூக்கருகே நீட்டினார்கள். லட்டு தலையைத் தூக்க முயன்றது. முடியவில்லை. கொஞ்சம் நுரையாக வாந்தி எடுத்துவிட்டு மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

"பாத்தீங்களா, ஈரம் ஒத்துக்கல!" என்று கந்தசாமி துள்ளினார்.

"உலர்வையும்தான் தொடல சார்!" என்றாள் தேவிப்ரியா.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இன்று இந்தப் பூனை நமக்கெல்லாம் ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. இரு தரப்பும் முன்னால் இருந்தும், எந்தப் பக்கமும் சாயாமல் அது நடுநிலை காத்தது!"

கைதட்டல் நிற்பதற்குள் சிங்கராயர் மேடை ஏறிக் கூடையைத் தூக்கிக்கொண்டார். திறந்த டின்னையும் எடுக்கப் போனார். "அது காட்சிக்கு வெச்ச சாம்பிள், திரும்ப ஒப்படைக்கணும்" என்று ஒரு ஊழியர் அவர் கையைப் பிடித்து விலக்கினார்.

கீழே போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஒரு ஜீப்பில் இடம் பிடித்தார். வலையை அவிழ்த்துவிட்டு லட்டுவின் தலையில் கை வைத்துக்கொண்டே வந்தார். பாதி மலையில் அது ஒருமுறை அவர் விரலை நக்கியது. நாக்கு சொரசொரவென்று காய்ந்திருந்தது. அடிவாரத்து ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது அவர் கைக்குக் கீழே அசைவு நின்றுவிட்டது. சங்கராபுரம் வரை கையை எடுக்காமலே வந்தார்.

ரீத்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அந்த வாரம் அனிட்டா போன் செய்தபோது ரீத்தாதான் சொன்னாள். "அப்பாகிட்ட நான் அப்புறம் பேசறேம்மா" என்று சொல்லிவிட்டு அனிட்டா போனை வைத்துவிட்டாள். சிங்கராயர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

சில நாள் கழித்து மையத்திலிருந்து செய்தி வந்தது. முகாமில் பூனை நடுநிலை காத்த காரணத்தால் இரு பிரிவுக்கும் ஆட்சேபனை இல்லை. பூனை ஈரப் பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்டது. புது அட்டையை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். சிங்கராயர் போனார். பூனை செத்துவிட்டது என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொன்னார். தேவிப்ரியாவின் கண் உண்மையாகவே கலங்கியது. "ஐயோ, அவ்ளோ அழகா இருந்துச்சே சார்" என்றாள். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பிரிவுல சேந்த மொதல் பூனைங்க இது. மொதல் பூனையே செத்துதுன்னு எழுதினா எதிர்ல இருக்கறவங்க சிரிப்பாங்க. கொஞ்ச நாளைக்கு உயிரோடவே இருக்கட்டுமா?"

சிங்கராயருக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அவள் நீட்டிய அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வராண்டாவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் பிளாஸ்டிக் கூடை. அதற்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை. அவள் பெயர் ஆயம்மாள், சின்னசேலத்தில் வீட்டு வேலை செய்கிறவள். வேலை செய்த வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போனபோது பூனையையும் அதன் உலர் அட்டையையும் இவளிடம் விட்டுப் போயிருந்தார்கள். பாக்கெட் தீனியைத் தவிர வேறெதையும் தொடாதாம். இரண்டு நாளாக ஒன்றுக்குப் போகவில்லையாம்.

"இங்க ஈரமா உலர்வான்னு சொல்லுவாங்களாமேங்க. எந்த ரூமு?" என்று கேட்டாள்.

சிங்கராயர் அவளுக்குக் குறுக்கே வந்து நின்றார். "எந்த ரூமும் வேணாம்மா. ஈரந்தான். நான் சொல்றன். மொதல்ல டாக்டராண்ட காட்டணும். வாங்க" என்று கூடையைக் கையில் வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். குழாய் விட்டு எடுத்து, சிவசங்கர் சொன்னதையேதான் அவரும் சொன்னார். இனி ஈரத் தீனிதான். சிங்கராயருக்கு அன்றுதான் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று போனது. கையில் ஈர அட்டை இருக்கிறது. அட்டையில் லட்டு உயிரோடு இருக்கிறது. லட்டுவின் பெயரில் இந்தப் பூனை தின்றுவிட்டுப் போகட்டும். ஆயம்மாளை அழைத்துக்கொண்டு நாராயணசாமி கடைக்குப் போய் அட்டையை மேசையில் வைத்தார்.

"ஈரத் தீனி குடுங்க. எத்தினி டின்னு இருக்குதோ அத்தினியும் எடுங்க."

நாராயணசாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈர அட்டைய இப்பதான் சார் மொத மொத பாக்கறேன்" என்றார். பிறகு பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். அதில் மேலிருந்து கீழ் வரை உலர் தீனிப் பைகள். "டின்னு வர்றது நின்னு போச்சே சார். இந்த மாவட்டத்துல ஈர அட்ட யாருமே வாங்கல, விக்காத சரக்க எதுக்கு அனுப்பறதுன்னு கம்பெனிக்காரன் நிறுத்திப்புட்டான்."

"சேலத்துலருந்து வரவழைக்கலாங்களா?"

"வெளி மாவட்டச் சரக்கு இந்த அட்டைக்குச் செல்லாது சார். நேர்ல போனாலும் அங்க அந்த மாவட்டத்து அட்டையத்தான் கேப்பாங்க."

ஆயம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ இன்னாங்க பண்றது?" என்று சிங்கராயரைத்தான் கேட்டாள். அவர் ஈர அட்டையைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கூடைக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. வலி இறங்கிவிட்டதல்லவா, பசிக் கத்தல். ஆயம்மாள் குனிந்து அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கத்த விட்டுப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு தன் உலர் அட்டையை நீட்டினாள்.

"அதுலயே சின்னப் பையா ஒண்ணு குடுங்க. பாவம், பசிக்குதே அதுக்கு."

பூனைக் கூடையை ஒரு கையிலும் துணிப்பையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு அவளால் தீனிப் பையையும் தூக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதைச் சிங்கராயர்தான் தூக்கிக்கொண்டு போனார்.